நன்னீரின் எல்லைக்குள்: நெடுந்தீவின் குதிரைகளும் மேய்ச்சல் நிலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. அங்கே ஒரு நிலத்தை ஒதுக்கி வைப்பது கடல்தான். குடாநாட்டை அடுத்து மக்கள் வாழும் தீவுகளுள் மிகத் தொலைவிலுள்ளது நெடுந்தீவு. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகம் மூசும் நாட்களில் அதுவும் உறுதியில்லை. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தத் தட்டை நிலத்தை வெளியார் அறிவது பெரும்பாலும் அங்கே திரியும் குதிரைகளால். 2015 ஜூனில் தீவின் 1,846 ஹெக்டெயர் தேசிய பூங்காவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றிலொரு பங்குக்கும் சற்று அதிகம் இது. பூங்கா தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கே உள்ளது மனிதக் கை படாத காடு என்ற எண்ணத்தோடு அதை நடத்தினால் குதிரைகளையே இழப்போம் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நிலம். தீவு முழுதும் சுண்ணக்கல்லும் பவளக்கல்லும், மேல்மண் மெல்லியது, கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் உயரந்தான். ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கல்லின் துளைகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீற்றர் நன்னீருக்கும் கீழே சுமார் 40 மீற்றர் தடிப்பில் நன்னீர் இருக்கலாம் என்பது நிலநீரியலின் அடிப்படைக் கணக்கு. இதைத் தலைகீழாகவும் படிக்கவேண்டும்: மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழிருந்து உவர் பன்மடங்கு ஏறிவிடும். நெடுந்தீவில் பல கிணறுகள் உவர்ப்பதும், சாராப்பிட்டி போன்ற சில இடங்களின் நல்ல தண்ணீருக்குத் தீவே கடன்பட்டிருப்பதும் இதனால்தான்.

இந்த நிலத்தில் மனிதர் செய்தவற்றுள் கண்ணில் முதலில் படுவது கல்வேலி. குடாநாட்டில் கிடுகும் பனையோலையும் கதியாலும் செய்யும் வேலையை இங்கே சாந்தின்றி அடுக்கிய பவளக்கற்கள் செய்கின்றன. இதைத் தீவாரின் அழகுணர்ச்சி என்று வியப்போர் உண்டு. எனக்கு இது முதலில் உழைப்பின் கணக்காகத் தெரிகிறது. கதியால் ஊன்ற ஆழமான மண் இல்லை. பயிரிட வேண்டுமானால் கல்லைப் பொறுக்கியே ஆகவேண்டும். பொறுக்கிய கல்லை எங்கேயாவது வைத்தாகவேண்டும். வேலி பயிரை அடைத்துக் கால்நடையை வெளியே விடுகிறது. ஆகவே அதற்கு அப்பாலுள்ள வெளியும், வெட்டுக்களிப் பக்கத்துப் புல்தரையும், நெடுங்கால மேய்ச்சலால் தாழ்ந்து நிற்கும் புல்லும் வேலி கட்டிய கைகளின் விளைவே.

குதிரைகளும் அப்படியே. குதிரை இலங்கைக்குரிய காட்டு விலங்கல்ல. யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் குதிரை வளர்க்க இந்தத் தீவைப் பயன்படுத்தினர். கடலே வேலியான பிறகு இலாயத்துக்குப் பெரிய செலவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி அந்த வளர்ப்பைத் தொடர்ந்தார். இலாயங்களின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. வளர்ப்பு நின்றது, விலங்கு தங்கிவிட்டது. அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஆபிரிக்கப் பெருக்க மரத்தையும் சேர்த்துப் பார்த்தால், தீவின் பெயர்பெற்ற உயிர்கள் இரண்டும் வந்தேறிகள்.

அப்படியானால் அந்நிய இனத்தை ஏன் காக்கவேண்டும் என்று கேட்கலாம். பாக்குநீரிணையின் மறுகரையில் இக்கேள்வி உண்மையாகவே எழுந்திருக்கிறது. 1967இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையிலும் கட்டற்ற மட்டக்குதிரைகள் உள்ளன. அங்கே அவை வெளிமானோடு புல்லுக்குப் போட்டியிடுவனவாகப் பார்க்கப்படுகின்றன. ஒரே வகை விலங்கு ஒரு கரையில் சரணாலயத்தின் சிக்கல், மறுகரையில் பூங்காவின் பெருமை. நெடுந்தீவில் வெளிமான் இல்லை. குதிரையோடு புல்லைப் பகிர்வது மாடும் ஆடுமே. எனவே உள்நாட்டு இனமா அந்நிய இனமா என்ற வழக்கு அங்கே பொருந்துவதுபோல இங்கே பொருந்தாது. தீவில் கேட்கவேண்டியது, வறண்ட காலத்தில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதே.

குதிரைகளைத் தம்பாட்டில் விட்டுவிடுவதே சிறந்தது என்போர் கனடாவின் சேபிள் தீவைக் காட்டலாம். அங்கும் குதிரைகள் மனிதர் கொண்டுவந்தவையே. 2013 முதல் அத்தீவு தேசிய பூங்கா ஒதுக்ககம். குதிரைகளுக்கு எவரும் தீனியோ தண்ணீரோ வைப்பதில்லை. ஆனால் அங்கே ஆண்டு முழுதும் மழை உண்டு, நன்னீர்க் குட்டைகள் உண்டு, தளர்ந்த மணலைக் குளம்பால் தோண்டியும் குதிரை நீர் குடிக்கும். நெடுந்தீவின் கல்லைக் குளம்பு தோண்டாது. இங்கே மழைக்குளம் வற்றினால் அடுத்தது மனிதர் வெட்டிய கிணறுதான். இறைத்து ஊற்ற ஆள் இல்லையென்றால் குதிரை சாகும். வறட்சியில் குதிரைகள் இறந்த செய்திகள் திரும்பத் திரும்ப வருவதை இயற்கையின் தெரிவு என்று ஒதுக்குவது நேர்மையல்ல. இலாயக்காரர் போனபின் எவரும் ஏற்காத ஒரு பொறுப்பின் விளைவு அது.

யாழ்ப்பாணத்து மரபில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. கேணிக்கு மாடு இறங்கச் சாய்தளம், அருகே ஆவுரோஞ்சிக்கல், தெருவோரத்தில் தண்ணீர்த்தொட்டி: விலங்கின் தாகம் ஊரின் பொதுக்கடன் என்று கல்லிலேயே எழுதிவைத்த ஏற்பாடுகள் அவை. இவற்றை இறந்தகாலப் பெருமையாக மட்டும் பேசுவோர்மீது எனக்குச் சற்று எரிச்சல் உண்டு. வனசீவராசிகள் திணைக்களம் பூங்காவுக்குள் நீர்த்தொட்டி வைத்தால் போதும் என்பதும் அரைகுறை விடையே. நிலத்தடி நன்னீர் வில்லை ஒன்றே, பூங்கா எல்லைக்கு உள்ளே இறைத்தாலும் வெளியே இறைத்தாலும் குறைவது அதே நீர். ஊராரின் கிணறும் மாட்டுப் பட்டியும் குதிரையின் குளமும் ஒரே திட்டத்தில் வரவேண்டும். பிரதேச செயலகமும் கால்நடை வைத்திருப்போரும் அதில் சமபங்காளராக வேண்டும்.

குதிரைகளைக் கணக்கெடுக்கும் காலமும் இதையொட்டி மாறவேண்டும். மார்கழி, தை மாதங்களில் குளங்கள் நிறைந்திருக்கும். குதிரைகள் வெளியெங்கும் சிதறி நிற்கும். அப்போது எடுக்கும் தொகை, புல் எத்தனையைத் தாங்குகிறது என்பதைத்தான் சொல்லும். தண்ணீர் எத்தனையைத் தாங்கும் என்று அறிய ஆடி, ஆவணியில், வற்றாத நீர்நிலைகளின் அருகே நின்று எண்ணவேண்டும். அதே நாட்களில் அந்நீரின் உவர்த்தன்மையையும் அளக்கவேண்டும்.