வன்னியில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

எஞ்சினின் ஆற்றலைப் பரிவலுவால் அளத்தல் உலக வழக்கு. அமெரிக்க வில்லிஸ் நிறுவனம் 1933இல் வெளியிட்ட சிறிய காரின் எஞ்சின் 48 பரிவலு உடையது. டெல்மர் ரூஸ் என்னும் பொறியியலாளர் பின்னர் அதனைச் செம்மைப்படுத்தி 60 பரிவலுவாக உயர்த்தினார். இரண்டாம் உலகப் போரில் ஜீப் வண்டியை இயக்கியது அதுவே.

அக்காலத்து எஞ்சின்களுக்கு மற்றோர் ஆற்றலும் உண்டென்பதை வன்னி மக்கள் அறிவர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

இதற்குக் காரணம் யாது? உருளையினுள் எரிபொருட் கலவை மிகுதியாக அமுக்கப்படின், மண்ணெண்ணெய் உரிய முறையில் எரியாது தானே வெடித்து எஞ்சினைத் தாக்கும். வில்லிஸ் எஞ்சினைப் போலவே இக்கார்களிலும் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்றே. ஆதலின் அத்தீங்கு குறைந்தது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே காபரேற்றரிற் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர்.

வேகம் குறைந்தது, புகை மிகுந்தது. எரியாத மண்ணெண்ணெய் மசகெண்ணெயிற் கலந்து உறுப்புகளைத் தேய்த்தது. ஆயினும், 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரையும் நோயாளரை வைத்தியசாலை சேர்க்க இவ்வண்டிகள் உதவின. அவற்றை ஓடவைத்த கராஜ் தொழிலாளரின் அறிவு ஏட்டில் ஏறவில்லை. அவர்களுள் முதியோர் வாழுங்காலத்திலேயே அதனைக் கேட்டெழுதுதல் நம் மாணவர் கடனாகும்.