கட்டை கட்டிய பிள்ளைகள்: காஞ்சி வட்டாரக் கூத்தும் வளரிளம் பருவ மனநலமும்

வடதமிழகத்தின் பல ஊர்களில், இறந்தவருக்குக் கருமாதி செய்யும் வீட்டார் அதையொட்டிய இரவில் கர்ண மோட்சம் கூத்து வைப்பது நெடுநாளைய வழக்கம். தாயால் கைவிடப்பட்டவனும், பிறப்பைக் காட்டி மனைவி பொன்னுருவியாலேயே இகழப்பட்டவனுமாகிய கர்ணன் போருக்குப் புறப்படுவதையும், களத்தில் வீழ்ந்த பிறகே குந்தி அவனை மகனென்று சொல்லி அழுவதையும் விடிய விடியப் பார்க்கும் வீட்டார், தங்கள் வீட்டுச் சாவுக்கு அடக்கிவைத்த அழுகையை அங்கே ஊரறிய அழுதுவிடுவர். தென்னேரி முதலான ஏரிப்பாசன ஊர்களும் காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களும் செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூர்களும் அடங்கிய இப்பரப்பில், திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக்களிலும் இத்தகைய சடங்குகளிலும் ஆடப்படும் இக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்றொரு பெயர் உண்டு. வேடக்காரர் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் மர அணிகலன்களே கட்டை எனப்படுகின்றன. இதைச் சிகிச்சை என்று கூறுவது மிகை. ஆயினும் துயரத்துக்கென ஓர் இடத்தையும் பொழுதையும் ஊரே ஒதுக்கித்தந்த ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை.

அந்த ஏற்பாட்டில் வளரிளம் பருவத்தினருக்குக் கிடைத்த பங்கு பெரும்பாலும் உழைப்பாகவே இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. கூத்து ஜமாவில், அதாவது ஆட்டக் குழுவில், சேர்ந்த சிறுவர் இரவெல்லாம் கண்விழித்துப் பள்ளியை இழந்தனர். சிறுமியருக்கோ ஆடுகளமே மறுக்கப்பட்டது. இதே பரப்பின் நெசவுத் தறிகளில் பிள்ளைகளின் நிலை இதனினும் கொடிது. சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையும் கோர்வை நெசவுக்கு மூன்று நாடாக்கள், அதாவது ஊடைநூலை ஓட்டும் கருவிகள், வேண்டும். நெசவாளர் ஒருவரே மூன்றையும் ஓட்ட இயலாதாகையால், ஒரு கரையின் நாடாவை வாங்கித் திருப்பிவிட அருகில் ஒரு துணையாள் உட்கார வேண்டும், அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்தவர்களுள் சிறுவர் சிறுமியர் பலர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் இவ்வாறு தறியோடு பிணைக்கப்பட்டதை, இந்தியப் பட்டுத்தொழில் குறித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பத்து வயதில் தந்தையின் குழுவில் ஆடத் தொடங்கிய பெருங்கட்டூர் ராஜகோபால், இவ்விழப்பை உள்ளிருந்தே அறிந்தவர். 1990இல் கூத்துக் கலைஞர்களுக்கெனச் சங்கம் அமைத்த அவரும், கட்டைக்கூத்தை ஆராய்ந்து 1999இல் நூல் வெளியிட்ட நெதர்லாந்து அறிஞர் ஹன்னே டி புருய்னும், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினர். நலிந்த குடும்பத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஒருசேரக் கற்றனர்; ஆண்களுக்கே உரியதாயிருந்த ஆட்டத்தில் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர்.

குருகுலம் தன்னை மருத்துவ நிலையமாகக் கருதவில்லை. கலையும் கல்வியுமே அதன் நோக்கம். ஆனால் நாடக சிகிச்சை, அதாவது நடிப்பின் வழியே மனத்துயரைத் தணிக்கும் முறை, எவற்றை நாடுகிறதோ அவற்றுட் பல கூத்தின் அமைப்பிலேயே பொதிந்துள்ளன. 1921இல் வியன்னாவில் உளநாடகத்தைத் தொடங்கிவைத்த மருத்துவர் ஜேக்கப் மொரினோ, துயருற்றவரைத் தம் வாழ்வின் நிகழ்ச்சியையே நடித்துக்காட்டச் செய்தார். கூத்து செல்லும் வழி வேறு. இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று பாடி, அணிகலன் ஒளியும் சலங்கை ஒலியும் முதலில் வெளிப்பட, பிறகே முகம் காட்டிச் சபைக்கு வரும் வேடக்காரரைக் கட்டியக்காரன், அதாவது கோமாளியும் வழிநடத்துபவனுமாகிய பாத்திரம், யாரென்று வினவுகிறான்; வேடக்காரர் தம் பெயரையும் குலத்தையும் நாட்டையும் உரத்த குரலில் அறிவிக்க வேண்டும். தன்னைப் பற்றி ஒரு சொல் பேசக் கூசும் பதினான்கு வயதுப் பிள்ளை, துரியோதனனாகவோ அபிமன்யுவாகவோ நின்று ஊர் முன்னிலையில் சினத்தையும் மானத்தையும் முழங்குவதற்கு அந்த மரக்கிரீடமே இசைவு தருகிறது. பெரியவர்கள் வகுத்த வியூகத்துள் புகுந்து வெளியேற வழி தெரியாமல் மடியும் பதினாறு வயது அபிமன்யுவை ஆடும்போது, அப்பிள்ளை சொந்தத் துயரை ஒருவரிடமும் ஒப்புவிக்க வேண்டியதில்லை. உணர்ச்சியில் முழுவதும் தோய்ந்தாலும் மனம் ஆறாது, முழுவதும் விலகி நின்றாலும் ஆறாது, இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு வேண்டும் என்று சமூகவியலாளர் தாமஸ் ஷெஃப் 1979இல் எழுதினார். வேடம் தருவது அத்தொலைவையே. உடலும் இதில் ஒதுங்கி நிற்பதில்லை: தாளம் விரைய விரையக் கிறுக்கி எனப்படும் வேகச் சுழற்சி ஆடி, அடி பிசகாமல் நின்று, மூச்சிரைக்கவே விருத்தம் எடுப்பதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும், அப்பயிற்சியைப் பின்பாட்டுக்காரரும் மிருதங்கக்காரரும் உடனிருந்து தாங்குகின்றனர்.

நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் உண்டெனக் கணித்தது. கடும் மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் மருத்துவரே தேவை. அங்கே கூத்தை மாற்றாக முன்வைப்பது ஆபத்து. அந்நிலைக்கு வந்துவிடாத, ஆனால் பேச இடமின்றி உள்ளுக்குள் புழுங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையே பெரிது. அவர்களுக்கு அவர்களின் சொந்த மொழியிலும் ஊர்க்கதையிலும் அமைந்த ஒரு களம் காஞ்சிக்கருகில் பதினெட்டு ஆண்டுகள் இயங்கியது என்பது தமிழ்க் கல்வி வரலாற்றில் உரிய இடம் பெறத் தக்கது. குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்கே பயின்ற பெண்கள், ஒரு தலைமுறைக்கு முன்பு தம் ஊர்ப் பெண்கள் பார்வையாளர் வரிசையிலிருந்து மட்டுமே கண்டிருக்கக்கூடிய கட்டை வேடங்களைத் தாமே கட்டி ஆடினர்.