ஈறு சொல்லும் வரலாறு



கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். ஐம்பது வயதிலேயே பொக்கைவாயான என் பாட்டியாரைக் காரணம் கேட்டால், “வயசாச்சுய்யா” என்பார். அவ்விடை முழு உண்மையன்று என உலகுக்கு உணர்த்தியதில் தோட்டத் தமிழருக்கும் பங்குண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

1965-ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நலமான ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரத்திற்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தணிந்தது. பல்லில் படியும் கிருமிப் படலமே காரணம் எனத் தெளிவாயிற்று.

அந்நோயைக் கவனியாது விட்டால் என்னாகும்? விடை தேடி அவர் 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றார். பல்துலக்கியும் பல் மருத்துவமும் அறியாத 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகள், 15 ஆண்டுக் காலத்தில் பன்முறை அளக்கப்பட்டன. முடிவுகள் 1986-இல் வெளிவந்தன. 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து பரவியது. அவர்கள் 45 வயதில் பற்கள் அனைத்தையும் இழந்தனர். 81 விழுக்காட்டினருக்கு மெல்லப் பரவியது. 11 விழுக்காட்டினருக்கோ ஈறு அழற்சியைக் கடந்து செல்லவில்லை.

ஒரே தோட்டம், ஒரே வாழ்வு; விளைவோ வேறு. ஆகவேதான் பல் மருத்துவர் கண்ணால் மட்டும் கண்டு தீர்ப்பளிப்பதில்லை. மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெதுவாகச் செலுத்தி ஆழம் பார்க்கிறார். 3 மில்லிமீட்டர் வரை பொதுவாக நலம். 4-உம் அதற்கு மேலும் எனில் கவனம் தேவை. இரத்தம் கசிகிறதா, பல் ஆடுகிறதா எனவும் நோக்குகிறார். தேவையெனில் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் தேய்வை அறிகிறார்.

அத்தொழிலாளர்களின் அளவுகள் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டன. அவர்தம் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் ஈந்த பாடத்தையேனும் நாம் கற்க வேண்டாமா? பல் துலக்கும்போது பிள்ளை இரத்தம் துப்பினால், “அழுத்தித் தேய்த்திருப்பாய்” என்று கடந்துவிடாதீர்கள். பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

தொடக்க நிலை ஈறு அழற்சி மீளக்கூடியது. கரைந்த எலும்போ தானாக மீள்வதில்லை. என் பாட்டியாருக்கு இதனைச் சொல்ல அன்று எவருமில்லை. இன்று நாம் இருக்கிறோம்.