வினைக்கு இட்ட பெயர்

வேதியியலார் ஒரு வினைக்கு அதனைக் கண்டவரின் பெயரையே சூட்டுவர். நாம் மொழியியல் கற்றோர். பெயரிடல் எத்துறையில் நிகழினும் அது நம் ஆய்வுக்கு உரியதே.

பென்சீன் வளையங்களில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதாக எழுதுகிறோம். அவ்வொழுங்கு குன்றாமல் வளையங்களைத் தொடுத்தால், எலக்ட்ரான்கள் தொடர் முழுவதும் பரவும். சேர்மம் ஒளிரும், தக்க கலப்பு செய்தால் மின்சாரமும் கடத்தும். தொடுப்பதுதான் அரிது. 1901இல் ஜெர்மானியரான உல்மன் செப்புத் தூளைக் கொண்டு தொடுத்தார். 200 டிகிரி செல்சியசுக்கு மேலும் வெப்பம் வேண்டியிருந்தது. செம்பும் வினையிலேயே செலவாயிற்று.

பல்லேடியம் செலவாவதில்லை. இரு கரிமத் துண்டுகளையும் தன்மேல் ஏற்று, அருகருகே நிறுத்தி, பிணைத்து விடுவித்தபின் பழைய நிலைக்கே மீள்கிறது. இத்தகைய பொருளை முன்னாளில் கிரியா ஊக்கி என்றனர். பின்னர் வினைவேக மாற்றி என்றும் வினையூக்கி என்றும் வழங்கலாயினர். வினைவேக மாற்றி என்பது விரைவை மட்டுமே சுட்டுகிறது. எது எதனோடு சேரும் என்பதையும் இவ்வுலோகம் முடிவு செய்வதால், வினையூக்கி என்பதே பொருத்தம் என்போம்.

1971இல் ஜப்பானியரான மிசோரோகி, அயோடோபென்சீனையும் ஸ்டைரீனையும் பல்லேடியத்தால் இணைத்து ஸ்டில்பீனைப் பெற்றார். மறு ஆண்டே அமெரிக்கரான ஹெக் அதே வினையைத் தனித்துக் கண்டு வெளியிட்டார். மிசோரோகி 1980இல் காலமானார். பாடநூல்கள் நெடுங்காலம் ‘ஹெக் வினை’ என்றே எழுதின. ‘மிசோரோகி–ஹெக் வினை’ என்னும் வழக்கு பின்னரே பரவியது. 2010இல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவரும் நோபல் பரிசு பெற்றனர். மறைந்தோர்க்கு அப்பரிசு இல்லை.

சுசுகியின் பெயரிலும் இக்குறை உண்டு. 1979இல் போரான் சேர்மங்களைக் கொண்டு அவ்வினையை அவரோடு கண்டவர் மியவுரா. பலர் வாயில் அது இன்றும் ‘சுசுகி வினை’தான். ஆசிரியர்கள் கரும்பலகையில் இரு பெயரையும் எழுதலாமே! ஒளியுமிழ் திரைகளுக்கான நீள்தொடர்ப் பலபடிகள் பலவும் இவ்வினையால் ஆக்கப்படுகின்றன. இத்துணைப் பயன் தந்த வினைக்குச் சுசுகி காப்புரிமை பெறவில்லை. அரசின் பணத்தில் நடந்த ஆய்வு அது என்பதே அவர் கூறிய காரணம்.

ஹெக்கோ, ஆய்வுக்கு நிதி கிட்டாமல் 1989இல் ஓய்வு பெற்றார். பின்னர் மனைவியின் நாடான பிலிப்பைன்ஸில் குடியேறினார். நோபல் செய்தி அவரை அங்கேதான் எட்டியது. 2015இல் மணிலாவில் மறைந்தார்.