சால்ட் லேக்: ஏரியைத் தூர்த்து எழுந்த நகரம்

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சால்ட் லேக்குக்கு அரசு ஏடுகளில் பிதான்நகர் என்று பெயர். மேற்கு வங்கத்தின் வடக்கு 24 பர்கனா மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஊர் கொல்கத்தா மாநகராட்சிக்கு உட்பட்டது அல்ல. தனி மாநகராட்சியும் தனிப் போலீஸ் கமிஷனரகமும் இதற்கு உண்டு. ஆனாலும் கொல்கத்தா எங்கே முடிகிறது, சால்ட் லேக் எங்கே தொடங்குகிறது என்பதைப் புதிதாக வருபவர் கண்டுபிடிக்க முடியாது. உல்டாடாங்கா மேம்பாலத்தைத் தாண்டியதும் சாலை அகலமாகும், மரங்கள் கூடும், ஹாரன் சத்தம் சற்றுக் குறையும். ஐந்து செக்டர்களில் முதல் மூன்றும் பெரும்பாலும் குடியிருப்பு. நான்காவதில் நீர்நிலைகளும் பூங்காக்களும் அதிகம். ஐந்தாவது, கணினி நிறுவனங்களின் இடம். 1960க்கு முன்பு இந்த இடத்தில் வீடு கட்ட நிலமே கிடையாது. சதுப்பும் மீன் குட்டைகளும்தான் இருந்தன.

கல்கத்தா பிறந்தது ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில். ஆற்றங்கரைதான் ஊரின் மேடு. அங்கிருந்து நிலம் கிழக்கே மெல்லச் சரிந்து உப்பங்கழிகளில் போய் முடியும். ஆகவே நகரத்தின் மழைநீரும் சாக்கடையும் பக்கத்திலிருந்த ஆற்றுக்குப் போகாமல், அதற்கு எதிர்த்திசையில் கிழக்கே ஓடின. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர் வகுத்த வடிகால் திட்டமும் இந்தச் சரிவை ஒட்டியே அமைந்தது. உப்பங்கழிகளுக்குக் கடலின் ஓதத்தைக் கொண்டுவந்தது வித்யாதரி ஆறு. ஓதம் ஏறும்போது உவர்நீர் உள்ளே பரவும். இறங்கும்போது அழுக்கை அள்ளிக்கொண்டு போகும். நகரத்தின் கழிவை இலவசமாகச் சுமந்த இந்த ஆறு, சுமந்தே செத்தது. மேலிருந்து வந்த நன்னீர் குறைந்தது, கால்வாய்கள் குறுக்கிட்டன, சாக்கடை வண்டல் படிந்தது. 1928இல் அரசின் நீர்ப்பாசனத் துறை வித்யாதரியை இறந்த ஆறு என்று அறிவித்தது.

ஆறு போனதும் உவர் ஏரிகளில் உப்பு குறைந்தது. உவர்நீர் மீன்களும் குறைந்தன. அந்த இடத்தில் சாக்கடை நீரையே பாய்ச்சி ரோகு, கட்லா, மிருகால் வளர்க்கலாம் என்று மீன் பண்ணைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். உள்ளூரில் ‘பேரி’ எனப்படும் அந்த ஆழமில்லாத பெரிய குட்டைகள் கல்கத்தாச் சந்தைக்கு விடியற்காலையில் உயிர்மீன் அனுப்பின. பிற்காலத்தில் நகரம் எழுந்தது இந்த மீன் குட்டைகளில் ஒரு பகுதியை மூடித்தான். சால்ட் லேக் தரிசில் கட்டப்பட்டது என்ற பேச்சு பாதி உண்மைதான்.

ஏரியை நிலமாக்கும் முடிவுக்குப் பின்னால் பிரிவினை இருந்தது. 1947க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களால் கல்கத்தா திணறியது. 1961 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 29 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மேற்கே ஆறு, கிழக்கே சதுப்பு. வடக்கிலும் தெற்கிலும் நீளுவது தவிர நகரத்துக்கு வழியில்லை. 1948 முதல் முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராய், மருத்துவராகப் பேர் பெற்றவர். புது ஊர்கள் கட்டுவதில் தீராத ஆசை கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் தங்கிய இடத்தில், கல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், அவர் கல்யாணி நகரைத் தொடங்கினார். 1954இல் காங்கிரஸ் மாநாடும் அங்கே நடந்தது. ஆனால் கல்கத்தாவில் வேலை பார்ப்பவர்கள் அவ்வளவு தூரம் குடிபோக விரும்பவில்லை. அகலத் தெருக்கள் வெகுகாலம் காலியாகவே கிடந்தன. சீல்டா ரயில் நிலையத்திலிருந்து சில கி.மீ. தூரமே உள்ள உப்பு ஏரிகள் மீது அவர் கண் திரும்பியதில் வியப்பில்லை.

மண்ணைக் கொண்டுவருவது எப்படி என்பதே முதல் கேள்வி. டச்சு நிபுணர்கள் முதலில் ஆராய்ந்தார்கள். வேலை கடைசியில் யூகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனத்திடம் போனது. அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு 1961இல் பெல்கிரேடில் நடந்து முடிந்த நேரம் அது. பிரதமர் நேருவும் யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோவும் நெருங்கிய நண்பர்கள். 1962இல் பணி தொடங்கியது. ஹூக்ளியின் படுகையைத் தூர்வாரும் இயந்திரங்கள் வண்டலை நீரோடு சேர்த்து உறிஞ்சும். அந்தக் குழம்பு பெரிய இரும்புக் குழாய்கள் வழியே நகரத்தைக் குறுக்காகக் கடந்து ஏரிக்கு வரும். கரை கட்டிய பாத்திகளில் குழம்பு தேங்க, மணல் அடியில் இறங்கும், நீர் வடிந்து போகும். மறுபடி குழம்பு, மறுபடி வடிப்பு. ஆற்றில் கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சலான மணலை அகற்றுவதும் ஏரியை நிரப்புவதும் ஒரே செலவில் முடிந்தன. பணி தொடங்கிய சில மாதங்களில், 1962 ஜூலை 1 அன்று, தன் பிறந்த நாளிலேயே ராய் காலமானார். தூர்க்கும் வேலை 1960களின் பிற்பகுதி வரை நீடித்தது. நகரத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. மக்கள் என்னவோ இன்றும் சால்ட் லேக் என்றுதான் சொல்கிறார்கள்.

நகரத்தின் வரைபடத்தைப் போட்டவரும் யூகோஸ்லாவியர்தான்: டோப்ரிவோயே தோஷ்கோவிச் என்ற கட்டடக் கலைஞர். பெரிய சாலைகள் குடியிருப்பின் ஓரத்தோடு போக வேண்டும், ஊடே நுழையக் கூடாது. உள்தெருக்கள் வளைந்தும் முட்டுச்சந்தாகவும் முடிய வேண்டும். நடுவில் பெரிய பூங்கா வேண்டும். ஒவ்வொரு பிளாக்குக்கும் சொந்தமாக ஒரு சிறு பூங்கா, கடைத்தெரு வேண்டும். இவையே அவர் கணக்கு. தெருக்களுக்குத் தலைவர்கள் பெயர் கிடையாது. பிளாக்குகளுக்கு இரட்டை ஆங்கில எழுத்துகள்: ஏ.ஈ., பி.டி., சி.கே., எஃப்.டி., ஜி.டி. என்று. வீட்டு முகவரி என்றால் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும், அவ்வளவுதான். சென்னைக்காரருக்கு அண்ணா நகர் நினைவுக்கு வரும். 1968 உலக வர்த்தகப் பொருட்காட்சியை ஒட்டி வளர்ந்த அந்த நகரும் ஏறக்குறைய இதே காலத்தது. அங்கும் பூங்கா, ரவுண்டானா, எழுத்துப் பெயர் கொண்ட பிளாக்குகள்தான். சால்ட் லேக்கில் எல்லாத் தெருவும் ஒன்றுபோலவே இருப்பதால், வழி சொல்ல மக்கள் வேறு அடையாளம் கண்டுபிடித்தார்கள். ரவுண்டானாக்களை ஒட்டி எழுந்த மேல்நிலை நீர்த்தொட்டிகளின் எண்களே பஸ் நிறுத்தங்களாயின. ‘நாலு நம்பர் டேங்க்’, ‘எட்டு நம்பர் டேங்க்’ என்று கேட்டால்தான் கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். திட்டமிட்டவர் வரைபடத்தில் இந்தப் பெயர்கள் இல்லை.

மனைகள் தயாராகி ஆள் குடியேறும் முன்பே நகரத்துக்கு வேறு வகை மக்கள் வந்துவிட்டார்கள். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய ஒடுக்குமுறையிலிருந்து தப்பி எல்லை தாண்டிய அகதிகளுக்கு, சால்ட் லேக்கின் காலி மணல்வெளி மிகப் பெரிய முகாம்களில் ஒன்றானது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே தங்கினார்கள். பாதாளச் சாக்கடைக்காகக் கொண்டுவந்து போட்டிருந்த கான்கிரீட் குழாய்களுக்குள் குடும்பங்கள் சமைத்து உறங்கிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளியாகின. அதே ஆண்டு டிசம்பரில் வங்கதேசம் பிறந்தது. அகதிகள் திரும்பிப் போனார்கள். ஓராண்டு கழித்து, 1972 டிசம்பரில், காங்கிரஸ் மாநாடு இதே மணலில் கூடியது. சித்தார்த்த சங்கர் ராய் முதலமைச்சர். பிரதமர் இந்திரா காந்தி தங்குவதற்கென்று கட்டிய வீடு இந்திரா பவன். கல்யாணிக்கு நடந்த சடங்கு இங்கும் நடந்தது; ஆனால் இந்த முறை ஊர் தங்கியது. இந்திரா பவனில் பிற்காலத்தில் நெடுநாள் வாழ்ந்தவர் மார்க்சிஸ்ட் முதலமைச்சர் ஜோதி பாசு. 2010 ஜனவரியில் காலமாகும் வரை அதுவே அவர் வீடு.

குடியேற்றம் மெதுவாகத்தான் நடந்தது. கடையும் பஸ்ஸும் குறைவு, இரவில் நரி ஊளையிடும் என்ற பேர் வேறு. அரசு மனைகளை விற்கவில்லை. 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகைக்காரர் மனையை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. நடுத்தர வர்க்கத்துக்கான நகரம் நிலத் தரகர் கைக்குப் போய்விடக் கூடாது என்பது நோக்கம். ஆனாலும் பத்திரம் ஒருவர் பெயரிலும் வீடு இன்னொருவர் கையிலுமாக, பவர் ஆஃப் அட்டர்னி வழியே மனைகள் கைமாறிக்கொண்டே இருந்தன. முதலமைச்சரின் விருப்ப ஒதுக்கீட்டில் மனைகள் தரப்பட்டதும் நீதிமன்றப் படியேறியது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கிடைத்த ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2004இல் ரத்து செய்தது. 2012இல் அரசு, கட்டணம் வாங்கிக்கொண்டு குத்தகை மாற்றத்தை அனுமதித்தது. நடந்துகொண்டிருந்ததைச் சட்டமாக்கியதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஆட்கள் வரத் தயங்கிய காலத்தில் நகரத்துக்கு உயிர் கொடுத்தவை அரசு நிறுவனங்கள். அணுசக்தித் துறையின் சைக்ளோட்ரான் மையம் 1977இல் முதல் துகள் கற்றையைப் பெற்றது. சாஹா அணு இயற்பியல் நிறுவனமும் பக்கத்தில் வந்தது. விகாஸ் பவன், வித்யுத் பவன் என்று மாநில அரசின் அலுவலகங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1984இல் திறந்த விவேகானந்தா யுவ பாரதி மைதானம், கல்கத்தாவின் மற்றக் கூட்டத்தையும் இழுத்தது. 1997 ஜூலை 13 அன்று நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்கால் அணி மோகன் பகானை 4–1 என்று வென்றதைப் பார்க்க ஏறத்தாழ 1 லட்சத்து 31 ஆயிரம் பேர் திரண்டார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். இந்தியாவில் கால்பந்துக்கு இவ்வளவு கூட்டம் அதற்கு முன்பும் கூடவில்லை, பின்பும் கூடவில்லை. 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையின் 2017 இறுதிப் போட்டியும் இங்கேதான் நடந்தது. நாற்காலிகள் பொருத்திச் சீரமைத்த பிறகு பழைய கூட்டத்தில் ஏறக்குறைய பாதிக்கே இப்போது இடம்.

ஐந்தாவது செக்டரின் கதை தனி. புகையில்லாத தொழில்களுக்கு என்று ஒதுக்கிய இடம் அது. 1974இல் தோன்றிய மாநில மின்னணு வளர்ச்சிக் கழகமான வெபெல், 1980களில் அங்கே மின்னணு வளாகம் அமைத்தது. வங்கிகளில் கணினி நுழைவதைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்த நாட்களில், அந்தச் சங்கங்களின் ஆதரவு பெற்ற இடதுசாரி அரசே கணினித் தொழிலுக்கு இடமும் கொடுத்தது. 2000க்குப் பிறகு டி.சி.எஸ்., விப்ரோ, சென்னையில் பிறந்த காக்னிசன்ட் எல்லாம் கண்ணாடிக் கட்டடங்களோடு வந்தன. 2006 முதல் நவதிகந்தா என்ற தனித் தொழில் நகரிய ஆணையம் இந்தச் செக்டரை நிர்வகிக்கிறது. குடியிருப்புச் செக்டர்கள் மாலையில் அடங்கும். இங்கே இரவுப் பணி விடிய விடிய ஓடும். மதியத்தில் நடைபாதைத் தகரக் கொட்டகைகளில் சோறும் பருப்பும் மீன்குழம்பும் தட்டில் போட்டுக் கொடுப்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்தக் கண்ணாடிக் கட்டடங்களின் முதுகுப்புறத்தில் பழைய ஏரி இன்னும் இருக்கிறது. கொல்கத்தாவின் சாக்கடை நீரில் பெரும்பகுதி இன்றும் கிழக்குச் சதுப்பின் குட்டைகளில் பரவி, வெயிலாலும் பாசியாலும் தெளிந்து, மீனுக்கு இரையாகி, பிறகு வயலுக்குப் போகிறது. இதைச் செய்ய இயந்திரங்கள் கொண்ட சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவை நகரம் ஏற்றதே இல்லை. இந்தக் கணக்கை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். சதுப்பில் வர்த்தக மையம் கட்டும் திட்டம் எழுந்தபோது தொண்டு அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 1992இல், எஞ்சிய சதுப்பை மேலும் தூர்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நாற்பது ஆண்டு முன்னதாக அந்தத் தீர்ப்பு வந்திருந்தால் சால்ட் லேக்கே இருந்திருக்காது. சதுப்பின் ஓரத்தில் ஐ.டி. சாலையைப் போட்டுவிட்டு, பள்ளிக்கரணையில் மிஞ்சியதை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்த சென்னைக்கும் இந்த வரிசை பழக்கமானதே.

நிர்வாகம் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1995இல் பிதான்நகர் நகராட்சியானது. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 2 லட்சத்துக்கு மேல். 2015இல் ராஜார்ஹாட்–கோபால்பூர் நகராட்சியைச் சேர்த்து 41 வார்டுகள் கொண்ட மாநகராட்சியாக்கினார்கள். மரம் நட்ட பிளாக்குகளும் நெரிசலான பழைய ஊர்களும் ஒரே வரிப் புத்தகத்தில் வந்தன. இதற்கிடையே, மனை வாங்கிக் குடிவந்த தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். இரண்டு மாடி வீட்டில் கீழ்த்தளத்தில் முதியவர் இருவர், மேல்தளத்தில் வாடகைக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் என்பது சாதாரணக் காட்சி. பிளாக் பூங்காவில் துர்கா பூஜைப் பந்தல் எழும் நாட்களில்தான் தெரு நிறையும்.

கல்கத்தாவுக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் உறங்குவதற்காகத் திட்டமிட்ட ஊர் இது. இன்று காலையில் கூட்டம் எதிர்த்திசையில் வருகிறது: சீல்டாவிலும் உல்டாடாங்காவிலும் ரயிலைவிட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஐந்தாம் செக்டருக்கு. இந்தக் கூட்டத்துக்காகவே வந்த கிழக்கு–மேற்கு மெட்ரோவின் முதல் துண்டு 2020 பிப்ரவரியில் செக்டர் ஃபைவ் நிலையத்துக்கும் சால்ட் லேக் மைதானத்துக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2022இல் சீல்டாவைத் தொட்டது. 2024 மார்ச்சில் ஹூக்ளிக்கு அடியில் செல்லும் பகுதி திறந்தது. நடுவில் மண் சரிவால் தாமதமான பவ்பஜார் பகுதியும் 2025 ஆகஸ்ட் 22 அன்று சேர்ந்தபின், ஹவுரா மைதான் முதல் சால்ட் லேக் வரை 12 நிலையங்களோடு முழு வழியும் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது.