கல்வெட்டின் முணுமுணுப்பு

சோழர் சரித்திரம் என்றதும் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் நூலே நினைவுக்கு வரும். 1935-இல் முதற்பாகம் வெளிவந்த அந்நூலின் பெருமை குன்றாதது. ஆயினும், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கல்வெட்டுகளைப் பொறுக்கிச் சான்று காட்டும் வழக்கம் ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமாவுக்கு (1933–2015) நிறைவளிக்கவில்லை. கல்வெட்டு முணுமுணுக்கிறது, பலவற்றைச் சேர்த்துவைத்து எண்ணிப் பார்த்தால்தான் அது செவியில் விழும் என்பது அவர் கொள்கை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய ஊர்களை 1966-இல் அவர் ஒப்பிட்டார். அல்லூரில் நிலம் ஊராரின் பொதுவுடைமை. பிரமதேயமாகிய ஈசானமங்கலத்திலோ தனியாரே விற்றனர், வாங்கினர். அண்டை ஊர்களே இப்படியெனில், ‘சோழர் காலக் கிராமம்’ என்று ஒரே வார்ப்பில் பாடம் நடத்துவது எங்ஙனம்?

அரசர் வரிசையை ஒப்புவிக்கச் செய்வது எளிது. ஒரு நில விற்பனைக் கல்வெட்டைக் கரும்பலகையில் எழுதி, விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று கேட்கும் ஆசிரியருக்கு வேலை மிகுதி, மாணவர்தாம் உறங்கமாட்டார்.