சார்லஸ் ட்ரூ

சார்லஸ் ரிச்சர்ட் ட்ரூ (ஜூன் 3, 1904 - ஏப்ரல் 1, 1950) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்க அறுவை மருத்துவரும் மருத்துவ ஆய்வாளரும் ஆவார். குருதியைச் சேமித்து வைக்கும் முறைகளை ஆராய்ந்து, பெருமளவில் இயங்கும் குருதி வங்கிகளுக்கு இவர் வழிவகுத்தார்.

இளமையும் கல்வியும்

ட்ரூ வாஷிங்டன் டி. சி.யில் பிறந்தார். 1926 இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கு சிறந்த விளையாட்டு வீரராகவும் விளங்கினார். பின்னர் கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பயின்று 1933 இல் மருத்துவரானார். 1935 இல் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

குருதி ஆய்வு

1938 இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கினார். அக்காலத்தில் முழுக்குருதியைச் சில நாட்கள் மட்டுமே பாதுகாக்க முடிந்தது. குருதியிலிருந்து உயிரணுக்களை நீக்கினால் கிடைக்கும் நீர்மப் பகுதி பிளாஸ்மா எனப்படுகிறது. இதனை நீண்ட நாட்கள் சேமிக்கலாம். பலரது பிளாஸ்மாவைக் கலந்து பயன்படுத்தியபோது, பெறுபவரின் குருதி வகையைப் பொருத்திப் பார்க்கும் தேவையும் நீங்கியது. சேமித்த குருதியைப் பற்றிய ஆய்வேட்டிற்காக 1940 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1940 இல் 'பிரித்தானியாவுக்குக் குருதி' திட்டத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். ஏறத்தாழ 14,500 பேர் குருதிக்கொடை அளித்தனர். 5,000 லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்மா சேகரிக்கப்பட்டது. கிருமித்தொற்று ஏற்படாதவாறு சேகரிப்பு, சோதனை, அனுப்புதல் ஆகியவற்றிற்கு ஒரே சீரான நடைமுறையை இவர் வகுத்தார்.

பிளாஸ்மாவையோ குருதி வங்கியையோ கண்டுபிடித்தவர் ட்ரூ எனக் கூறுவது சரியன்று. சிக்காகோவில் 1937 ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவமனைக் குருதி வங்கி நிறுவப்பட்டிருந்தது. ஆய்வுக்கூட முறையைப் பெருந்திட்டமாக நடத்திக் காட்டியதே இவரது சாதனையாகும்.

இனப்பாகுபாடு

1941 இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நியூயார்க் குருதி வங்கிக்கு ட்ரூ இயக்குநரானார். ஆனால் படையினருக்கான குருதித் திட்டத்தில் கறுப்பினத்தவரின் குருதி முதலில் ஏற்கப்படவில்லை. 1942 முதல் ஏற்கப்பட்டாலும், வெள்ளையர் குருதியுடன் கலவாமல் தனியே வைக்கப்பட்டது. இதற்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை என ட்ரூ வெளிப்படையாகக் கண்டித்தார். 1950 இல் செஞ்சிலுவைச் சங்கம் இவ்வழக்கத்தைக் கைவிட்டது.

1941 இல் ஹோவார்டுக்குத் திரும்பி, அறுவை மருத்துவத்துறைத் தலைவராகவும் ஃபிரீட்மென்ஸ் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகவும் பணியாற்றினார். கறுப்பின இளைஞர்கள் பலரை அறுவை மருத்துவர்களாகப் பயிற்றுவித்தார். 1944 இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் பெற்றார்.

மறைவு

1950 இல் டஸ்கீகி நகரில் நடைபெறவிருந்த மருத்துவ முகாமுக்குச் சக மருத்துவர்களுடன் சென்றபோது, வட கரோலினாவின் பர்லிங்டன் அருகே ட்ரூ ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது. அப்போது அவருக்கு வயது 45.

கறுப்பினத்தவர் என்பதால் மருத்துவமனை குருதியேற்ற மறுத்ததாகவும், அதனாலேயே அவர் இறந்ததாகவும் ஒரு கதை பரவலாக உள்ளது. இது உண்மையன்று. வெள்ளையின மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றனர் என்பதை உடன் பயணித்தவர்களே உறுதிப்படுத்தினர். எனினும், அக்காலத்தில் கறுப்பினத்தவர் பலருக்கு மருத்துவமனைகளில் சிகிச்சை மறுக்கப்பட்டது உண்மையே. இக்கதை எளிதில் நம்பப்பட்டதற்கு அதுவே காரணம்.

நினைவு

லாஸ் ஏஞ்சலசில் உள்ள ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1981 இல் அமெரிக்க அஞ்சல்துறை இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.